கண்டியிலிருந்து கல்லடிக்கு ஆக்சலாட்டல் கொண்டுவந்த கதை

தவளைக்குச் சொந்தமான, வாலோடு தண்ணீரிலேயே வாழ்கிற சலமாண்டர் வகை உயிர் ஆக்சலாட்டல். மட்டக்களப்பு வெயிலில் அதை வளர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது பெரிய கதை. முதலில் அதை உயிரோடும் தெம்போடும் இங்கே கொண்டுவந்து சேர்ப்பதே தனி வேலை, இன்றைக்கு அதைப் பற்றித்தான்.

கண்டியில் இருந்த தோழி வெளிநாடு போகிறாள், தன் இரண்டையும் கவனமாகப் பார்க்கிற ஆளிடம் கொடுக்கவேண்டும் என்றாள். ஒன்று வெள்ளை உடம்பில் கறுத்த கண், மற்றது கரும்பச்சை. தலையின் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக இறகு மாதிரி நிற்கும் செவுள்கள், அதற்குக் கீழே எப்போதும் சிரிக்கிற மாதிரி ஒரு வாய். பார்த்தால் விட மனம் வராது.

இதன் சொந்த இடம் மெக்சிகோ நகரத்தின் தெற்கே இருக்கிற சோச்சிமில்கோ நீர்நிலைகள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீற்றர் உயரம், அதாவது நம்முடைய நுவரெலியாவை விடவும் மேலே. அங்கேயே இப்போது அழியும் நிலையில் இருக்கிற உயிர் இது. தண்ணீர் 16 முதல் 18 பாகைக்குள் இருந்தால் சந்தோஷமாக இருக்கும், 20ஐத் தாண்டினால் சோர்வு தொடங்கும், 24க்கு மேலே போனால் உயிருக்கே ஆபத்து. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம்ம ஊரில் பகலில் 33, 34 சாதாரணம். ஆகவே வழி முழுக்கக் குளிரை நாம்தான் கூடவே தூக்கிக்கொண்டு வரவேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்லியிருந்தேன். வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் வயிற்றில் இரை இருந்தால் வழியில் கழிவு போகும், அந்தக் கழிவில் இருந்து அமோனியா வரும், பைக்குள் அது தப்பிப்போக இடமில்லை. பிடிக்கும்போது வலை போடவில்லை. வலைக் கண்ணியில் விரலும் செவுளும் மாட்டிக் கிழியும், அதனால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சரித்து அது தானாக நீந்தி வர விட்டுத் தூக்கினோம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பை, அதுவும் இரட்டைப் பொலித்தீன், மூலைகளை மடித்து டேப் ஒட்டி. கூர் மூலை இருந்தால் அதற்குள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. இதற்குச் செவுளோடு நுரையீரலும் உண்டு, மேலே வந்து ஒரு வாய் காற்று எடுக்க இடம் வேண்டும். ஏறாவூரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவருக்கு விற்றவர் இரண்டு குட்டிகளை ஒரே பையில் போட்டு அனுப்பி, ஒன்று மற்றதன் காலைக் கடித்துவிட்டது. கால் திரும்ப முளைக்கும்தான், அதற்காக அந்த நோவைக் கொடுக்கலாமா?

பைகளை ரெஜிபோம் பெட்டியில் வைத்து, உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல்களைப் பேப்பரிலும் துவாயிலும் சுற்றி மேலே வைத்தேன், குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும். பையில் ஐஸ் நேரே படக்கூடாது, திடீர்க் குளிரும் சூட்டைப் போலவே கெடுதல். வயர் வைத்த வெப்பமானி ஒன்றின் முனையைப் பெட்டிக்குள் விட்டு மூடியை டேப் பண்ணிவிட்டால் திறக்காமலே பார்த்துக்கொண்டு வரலாம். எனக்கு அந்தப் பயணத்தில் மிகப் பெரிய நிம்மதி அந்தச் சின்னத் திரைதான்.

இரவுப் பயணம்தான் குளிர்ச்சி, ஆனால் மஹாஓயா தாண்டிப் புல்லுமலைப் பக்கம் யானை நடமாட்டம் இருக்கிறது, இருட்டில் அந்த வழியால் வர எனக்கு விருப்பமில்லை. விடியப் புறம் கண்டியில் புறப்பட்டோம். அக்காவின் மகன் கார் ஓட்டினான், பெட்டி முன் சீற்றுக்குப் பின்னால் தரையில், அசையாதபடி தலையணை அடைத்து. பதினெட்டு வளைவில் இறங்கும்போது அவனிடம் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மேலே 17.2 காட்டிய திரை ஹசலக வர 19ஐத் தொட்டது. மலை இறங்க இறங்கச் சூடு ஏறுவதை அந்த எண்ணில் அப்படியே பார்க்கலாம். ஓரமாக நிறுத்தி, மூடியை அரைவாசி திறந்து, கூலரில் இருந்த புதுப் போத்தலை மாற்றி, உடனே மூடிவிட்டேன். மஹியங்கனை தாண்டும்போது திரும்பவும் 18.

மஹாஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, அந்த வழியாக வருகிறவர்கள் இறங்கிக் குளிக்காமல் போவதில்லை.

"சித்தி, அஞ்சு நிமிசம் இறங்கிற்று வருவமா?"

"நீ போய்க் குளிச்சிற்று வா மகன், நான் காருக்குள்ள இருக்கன். எஞ்சினை மட்டும் நிப்பாட்டிராத, ஏசி ஓடட்டும்."

வெயிலில் நிற்கிற கார் எவ்வளவு சீக்கிரம் கொதிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டியைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கேயும் இறங்கவில்லை.

புல்லுமலை, கரடியனாறு, செங்கலடி என்று வெயில் ஏறமுன் கல்லடி வந்து சேர்ந்தோம். இனித்தான் பலர் தடுமாறுகிற இடம். மூடிய பைக்குள் அது விடுகிற கரியமிலவாயு தண்ணீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டும், அப்போது அமோனியாவில் பெரும்பகுதி அவ்வளவு நஞ்சில்லாத அமோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, அமிலத்தன்மை குறைந்து (அதாவது பி.எச். ஏறி), அதே அமோனியா நஞ்சாக மாறும். அதனால் திறந்த பையில் துளித்துளியாகத் தண்ணீர் கலந்து மணிக்கணக்காகக் காத்திருப்பது நல்லதில்லை. மூடிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, திறந்ததும் ஆளை மட்டும் தொட்டிக்கு மாற்றி, பைத் தண்ணீரை வெளியே கொட்டிவிடவேண்டும். தொட்டித் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடாது, அதை முதல் நாளே முடித்துவைத்திருந்தேன். லைற்றும் போடவில்லை, இதற்குக் கண் இமை கிடையாது.

வெள்ளைக்கு வால் நுனி சுருண்டும் செவுள்கள் முன்னால் வளைந்தும் இருந்தன, களைப்பின் அடையாளம். அன்றைக்குச் சாப்பாடு வைக்கவில்லை. அடுத்த நாள் வால் நிமிர்ந்தது, மண்புழுவை இரண்டும் ஒரே கவ்வில் எடுத்தன.

கொழும்பிலிருந்து ரயிலில் கொண்டுவர நினைக்கிறவர்கள் பெட்டியைப் பார்சலில் போடவேண்டாம், காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரவு ரயில் நல்லது, மாற்றுப் போத்தல்கள் வேறொரு பெட்டியில் கூட வரட்டும். வீட்டில் தொட்டித் தண்ணீரைக் குளிராக்கும் சில்லரோ ஏசி அறையோ இல்லாவிட்டால் மட்டும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம்.