பிக்கப்பில கொழுவுற பெட்டிக்கு பிறேக் செற் பண்ணினது

வன்னியில இப்ப கனபேர் பிக்கப்பில பெட்டி, அதாவது ட்றெயிலர், கொழுவி ஓடினம், லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மிசின் ஏத்த, தண்ணி ராங்கி ஏத்த, நெல்லு மூட்டை ஏத்த எண்டு, ஆனா பெட்டியின்ர பிறேக்கை ஆரும் குனிஞ்சு பாக்கிறதில்ல, பிக்கப் பிறேக் பிடிச்சா காணும் எண்டுதான் நினைக்கினம். காணாது. ஏ9ல இரவில மாடு குறுக்க வந்து நிக்கேக்க நீங்கள் பிறேக்கை மிதிச்சா முன்னுக்கு பிக்கப் நிக்கும், பின்னுக்கு இருக்கிற பாரம் நிக்காது, பிக்கப்பின்ர பின்பக்கத்தை ஒரு பக்கமாத் தள்ளிக்கொண்டு போகும்.

எங்கட பெட்டி ஒற்றை அச்சு, கரண்ட் பிறேக் இல்ல. பிக்கப் வேகம் குறைக்க பெட்டி முன்னுக்குத் தள்ளும், அந்தத் தள்ளலில கொழுவுற தண்டு உள்ள போய் ஒரு லீவரை அமத்தும், லீவர் கம்பியை இழுக்கும், கம்பி ரெண்டு கேபிளையும் இழுக்க, சில்லோட சுத்துற இரும்புச் சட்டியான றம்முக்குள்ள, அதை அமத்திப் பிடிக்கிற வளைஞ்ச கட்டையான சூ விரியும். அவ்வளவுதான் வேலை. ஒட்டுசுட்டானில இருந்து மாங்குளம் வரேக்க ஒவ்வொரு பிறேக்குக்கும் பின்னால ஒரு குத்து, அதோட வலப்பக்கம் இழுக்குது. மச்சானும் அதைக் கவனிச்சிட்டார், அடுத்த நாளே கிளிநொச்சியில தெரிஞ்ச கராஜ் அண்ணையிட்டக் கொண்டு போனம்.

அண்ணை கீழ படுத்துப் பாத்த உடன சொன்னார், "தம்பி, இது முன்னம் ஆரோ கம்பியில இருக்கிற நட்டைக் கடைசி மரை வரைக்கும் இறுக்கி விட்டிருக்கினம். முதல் இதை முழுசா லூசாக்கு. சில்லில தொடங்கித்தான் முன்னுக்கு வரோணும்."

இதுதான் எல்லாருக்கும் சொல்ல வேணும் எண்டு நினைச்சது. சூவில ஒட்டியிருக்கிற லைனிங் பட்டை தேய்ஞ்சு சூவுக்கும் றம்முக்கும் இடைவெளி கூடீட்டுது எண்டா அதை சில்லுக்குள்ளதான் குறைக்கோணும். முன்னால கம்பியை இறுக்கினா கை பிறேக் நல்லாப் பிடிக்கிற மாதிரித் தெரியும், ஆனா உள்ள சூ எந்த நேரமும் அரைவாசி விரிஞ்சபடி கிடக்கும், றம் கொதிக்கும், றிவேஸ் எடுக்கேக்க தானா விடுபடுற வகைப் பிறேக் எண்டா அது விடுபடாமல் இறுகி நிண்டிடும்.

நல்ல மட்டமான சீமெந்து நிலத்தில நிப்பாட்டி மற்றச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல்லு வைச்சு, கை பிறேக்கை எடுத்து விட்டு, தண்டை முழுசா வெளிய இழுத்து விட்டு, ஜக் அடிச்சு அச்சுக்குக் கீழ ஸ்ராண்டும் குடுத்தம். ஜக்கை மட்டும் நம்பி ஒருக்காலும் கீழ போகாதேங்கோ. றம்மைக் கழட்ட கிறவல் ரோட்டுச் செம்மண் தூள் கொட்டுண்டுது. ஊதிவிடப் போன என்னை அண்ணை மறிச்சார், பழைய லைனிங்கில அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், ஈரத்துணியால துடை எண்டு. இடப்பக்க சூவில கிறீஸ் படிஞ்சு மினுங்குது, பேரிங் சீல் போய் ஒழுகியிருக்கு, அதாலதான் வலப்பக்கம் மட்டும் பிடிச்சு இழுத்திருக்கு. சீல் மாத்தி, சூ ரெண்டு பக்கமும் புதுசாப் போட்டம். ஒரு பக்கத்துக்கு மட்டும் மாத்துறது வேண்டாம், பிறகும் இழுக்கும்.

பிறகு பின்தட்டில இருக்கிற ரப்பர் மூடியைக் கழட்டி அந்த ஓட்டைக்குள்ளால ஸ்குறூட்றைவரை விட்டு, சூவை றம்முக்குக் கிட்டக் கொண்டு போற பல்லுச் சக்கரத்தைத் தள்ள வேணும். டிக் டிக் எண்டு ஒவ்வொரு பல்லாப் போகும். மச்சான் சில்லைச் சுத்த நான் தள்ள, சில்லு கையால சுத்த ஏலாமல் இறுகின உடன நிப்பாட்டி, பிறகு லேசாச் சுத்துற அளவுக்கு பின்னுக்கு விட்டம். மெல்லிசா உரசுற சத்தம் கேட்டா பரவாயில்ல. சில்லை முன்னுக்கு ஓடுற பக்கம் மட்டும் சுத்துங்கோ, எதிர்ப்பக்கம் சுத்தினா அந்த றிவேஸ் வேலை தொடங்கி சூ விலகிடும், பிழையான அளவுதான் வரும். ரெண்டு சில்லும் ஒரே மாதிரி வந்தாப் பிறகுதான் கம்பியின்ர லூசை மட்டும் எடுக்கிறது, அதுக்கு மேல ஒரு சுத்தும் இறுக்கக் கூடாது. கை பிறேக் இழுக்கேக்க கேபிள் ரெண்டும் பூட்டியிருக்கிற குறுக்குக் கட்டை கம்பிக்கு நேர் குறுக்கா நிண்டா ரெண்டு பக்கமும் சமனா இழுக்குது.

முதல் வெறும் பெட்டியோட உள் ரோட்டில மெதுவா ஓடிப் பாத்தம், பிறகு லாண்ட்மாஸ்டர் ஏத்தி. ஏத்தேக்க எஞ்சின் பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னுக்கு வரோணும், பின்னுக்குப் போனா பெட்டி ஆடும். முறிகண்டியில எப்பிடியும் கச்சான் வாங்க இறங்குவம்தானே, அந்த நேரம் ரெண்டு றம்முக்கும் கிட்ட கையைக் கொண்டு போய்ப் பாருங்கோ, தொட வேண்டாம். ஒண்டு கொதிச்சு மற்றது சும்மா கிடந்தா திரும்பச் செற் பண்ண வேணும். எங்கட ரெண்டும் ஒரே சூட்டில இருந்துது, குத்தும் இல்ல.

புது லைனிங் கொஞ்சம் ஓடித்தான் பதியும், அதால அடுத்த கிழமை திரும்ப ஜக் அடிச்சு பல்லு பாக்க இருக்கிறம், சில்லு நட்டும் அப்பவே இறுக்கிப் பாக்கலாம். மற்றது, பெட்டி கழண்டா பிறேக்கைப் பிடிக்கிற அந்த மெல்லிய கேபிளை கொழுக்கியின்ர உருண்டையில சும்மா மாட்டி விடாதேங்கோ, பிக்கப்பின்ர சேசிஸில உறுதியான இடத்தில கொழுவுங்கோ.