பால் ஊற்ற வராத பெண்

ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளைகளுக்கு 'பத்து, ஒன்பது, எட்டு' என்றுதான் சொல்லிக்கொடுப்போம். எண்ணைத் தலைகீழாகச் சொல்வதுபோல இருப்பதால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் மறக்காது. தருமபுரி மாவட்டத்தில் அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளின் பின்னால் ஓடுகிற குழுவில் இருந்தேன். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும், அழைப்புகள் குவியப்போகின்றன என்று இரவு முறைக்குக் கூடுதலாக ஆள் போட்டோம்.

குவியத்தான் செய்தன. மார்ச் 20 முதல் 31 வரை நாடு முழுவதும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் என்று செய்தி வந்தது. எங்கள் மாவட்டப் பதிவேட்டில் மட்டும் பெரும்பாலும் அரிசி, பால் பவுடர், வலிப்பு மாத்திரை. பெங்களூரில் கட்டட வேலை நின்றுபோய், கைக்குழந்தையோடு நடந்தே ஊர் திரும்பிய குடும்பங்கள். 'அப்பா அடிக்கிறார்', 'கல்யாணம் பேசுகிறார்கள்' என்று வருபவை மட்டும் குறைந்துபோயின. மணி அடிக்கும், எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். பின்னால் மிக்ஸி ஓடும், டிவி ஓடும், பிறகு வைத்துவிடுவார்கள். எங்கள் குழுவில் ஒருவர், "வீட்டுல எல்லாரும் ஒண்ணா இருக்காங்க, பிரச்சினை கம்மியாகியிருக்கும்" என்றார். அன்றைக்கு நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் மதியம் வேலையில்லாமல் பழைய பதிவேட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. எங்களுக்குத் தகவல் சொன்னவர்களில் பிள்ளைகள் சிலரே. மற்றவர்கள் வகுப்பு டீச்சர், விடுதிக் காப்பாளர், பக்கத்து பெஞ்சுத் தோழி. அதிகம் பேர் சத்துணவு ஆயாக்கள். எந்தப் பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்கிறது, எது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் தட்டைப் பிடிக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பள்ளியைப் பூட்டியதும் அத்தனை கண்களும் மூடிக்கொண்டன. அந்த வசந்த காலத்தில் அமெரிக்காவிலும் இதே கதைதான்: ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் போகவே, கொடுமை பற்றிய புகார்கள் சரிந்தன. உலகம் முழுக்க சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்ததாக யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. எபோலா நோய் வந்தபோது மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் பள்ளிகளை மூடி, 2015 ஏப்ரலில் திறந்தார்கள். அதற்குள் எத்தனையோ சிறுமிகள் கர்ப்பமாகியிருந்தார்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய பாடம். எங்களுக்கு யாரும் நடத்தவில்லை.

எங்களுக்குப் பாடம் நடத்தியவர் ஒரு பால் சொசைட்டிக்காரர். ஜூன் மாதம் அவரே கூப்பிட்டார். "மேடம், எங்க சொசைட்டிக்கு தெனமும் ஒரு பொண்ணு பால் ஊத்த வரும், ஒன்பதாவது படிக்குது. நாலு நாளா அவங்க அம்மாதான் கொண்டாராங்க. கேட்டா ஒடம்பு சரியில்லங்கறாங்க. நேத்து வாங்கிட்டுப் போன காசுக்கு பட்டுப்பாவாடை எடுத்திருக்காங்கன்னு பேச்சு."

அவ்வளவுதான் தகவல். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தி பாஸ் கேட்டது. போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல்கால் இல்லை, வாழைமரம் இல்லை. கல்யாணம் மறுநாள் விடியற்காலை. அப்பா எதையும் மறைக்கவில்லை. "மண்டபம் வேணாம், பத்திரிகை வேணாம், ஊரக் கூட்டி சோறு போட வேணாம். இப்ப விட்டா இந்தச் செலவுல முடியுமாம்மா?" என்றார். அந்தக் கணக்கில் தப்பில்லை என்பதுதான் என்னை வாயடைக்க வைத்தது. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மனிதருக்குப் பதினெட்டு வயதையும் சட்டத்தையும் சொன்னால் காதில் ஏறுமா? ஆனாலும் சொன்னோம். கிராம நிர்வாக அலுவலர் வந்தார், குழந்தைகள் நலக் குழுவுக்குப் போன் போட்டோம், உறுதிமொழி எழுதி வாங்கினோம். அந்தப் பெண் கடைசிவரை பேசவில்லை. நாங்கள் கிளம்பும்போது மட்டும், "அக்கா, நாளைக்கு நான் பால் ஊத்தப் போலாமா?" என்று கேட்டாள்.

அதன்பிறகு எங்கள் சுற்றே மாறியது. ஊரடங்கிலும் வீடுவீடாகப் போகிறவர்கள், தினமும் நான்கு பேரைப் பார்க்கிறவர்கள் யாரென்று பட்டியல் போட்டோம். பால் சொசைட்டி, ரேஷன் கடை, சிலிண்டர் போடுகிறவர், கிராம செவிலியர், அங்கன்வாடி ஆயா. கையில் ஒரு துண்டுச்சீட்டு, 'வழக்கமாகப் பார்க்கும் பிள்ளையைக் காணோமா?' என்ற ஒரே கேள்வி. சிலிண்டர் அண்ணன் ஒருவர் மட்டுமே மூன்று சிறுவர்களைப் பற்றிச் சொன்னார். மூவரும் போர்வெல் லாரியில் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒருவனைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தட்டில் விழுந்த சோறு அந்தப் பிள்ளையுடையது. மூட்டையாக வந்த அரிசி குடும்பத்துடையது. யாருக்கு எவ்வளவு என்பதை வீட்டில் வேறு யாரோ முடிவு செய்வார்கள்.

2021 மே மாதம் வேறு மாதிரி. 'அப்பா அம்மா கொரோனாவில் இறந்துவிட்டார்கள், இரண்டு வயதும் இரண்டு மாதமுமான குழந்தைகள், தத்தெடுக்க அழைக்கவும்' என்று வாட்ஸாப்பில் ஒரே செய்தி ஊர் பெயர் மாறி மாறிச் சுற்றியது. நாங்கள் அழைத்துப் பார்த்த எண்கள் எல்லாமே அணைந்திருந்தன. அப்படி ஒரு குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று சொன்னால், நல்லவர்கள்தான் எங்களிடம் கோபப்பட்டார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு ஐந்து லட்சம் என்று மே 29 அன்று தமிழக அரசு அறிவித்தது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியிடம் இரண்டு பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். மகனின் மருத்துவமனைச் சீட்டில் 'நிமோனியா' என்று மட்டும் இருந்தது. பரிசோதனை முடிவு நெகட்டிவ், ஸ்கேனில் நுரையீரல் முழுக்க வெள்ளை. 'கொரோனா' என்ற ஒரு சொல்லுக்காக எத்தனை முறை ஆட்சியர் அலுவலகப் படியேறினோம் என்ற கணக்கை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் திறந்தன. அந்தப் பால்காரப் பெண் இப்போது பதினொன்றில் இருக்க வேண்டும். தலைமையாசிரியரைக் கேட்டால், வரவில்லை என்றார். சொசைட்டிக்காரரைக் கூப்பிட்டேன். "பால் ஊத்த வருதே மேடம், ஒருநாள் தவறாம." மறுநாள் ஆறு மணிக்கு அங்கே போய் நின்றேன். கேனை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்ததும் தாவணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கல்யாணமெல்லாம் இல்லக்கா. போனை அடகு வெச்சுட்டாங்க, ஆன்லைன் கிளாஸே பாக்கல. இப்ப போனா எல்லாரும் சிரிப்பாங்க."

சொசைட்டிக்காரர் பால்மானியைப் பாலில் விட்டு, "டிகிரி கம்மியா இருக்கு, சொல்லு உங்கம்மாகிட்ட" என்றார். அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள். நானும் அவளும் அவள் வீட்டுப்பக்கம் நடந்தோம்.