பாலைப்பழம் பழுக்கும் மாதத்தில் கதிர்காம நடை

கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்கு நடந்துபோகும்போது காட்டுக்கு முந்திய கோயில் உகந்தை. அங்கே முருகனைக் கும்பிட்ட கையோடு, பக்கத்துக் கற்பாறையில் ஏறி வள்ளியம்மனையும் கும்பிடாமல் யாரும் காட்டுக்குள் இறங்குவதில்லை. பாறையில் அங்கங்கே சுனைகள். கிழக்கே பார்த்தால் கடல். முருகன் கல்லோடத்தில் வந்து கரையிறங்கிய இடம் இதுதான் என்பது எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நம்பிக்கை.

கோயிலைத் தாண்டினால் குமண தேசியப் பூங்காவின் வாயில். மற்ற நாட்களில் ஜீப்பில்தான் உள்ளே போகலாம். கதிர்காமத்து ஆடிவேல் விழாக் கொடியேற்றத்தை ஒட்டிய சில நாட்கள் மட்டும் நடந்து வருகிறவர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிந்து, "அரோகரா" என்று கால் வைத்தால் குமண, அதற்கப்பால் யால பூங்கா, கதிர்காமம் வரைக்கும் காடுதான். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கடலோரமாகவே நடந்து வருகிற கூட்டமும் இங்கேதான் எங்களோடு சேரும். உள்ளே வந்தபிறகு எல்லாரும் 'சாமி'தான். பெயரோ ஊரோ யாரும் கேட்பதில்லை.

ஆனி, ஆடியில் அந்தக் காடு வறண்டுபோய்க் கிடக்கும். குமுக்கன் ஆற்றில் பார்க்குமிடமெல்லாம் மணல், இரு கரையிலும் வானம் முட்டிய மருத மரங்கள். மணலை முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே தோண்டுவார்கள். முதலில் கலங்கலாக ஊறும். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தெளிந்த நீர் வரும், சிரட்டையால் மொண்டு குடிக்கலாம். இப்போது பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து தருகிறார்கள், புண்ணியவான்கள். ஆனாலும் அந்த ஊற்றுத் தண்ணீரின் ருசி தாங்கியில் வருவதற்கு இல்லை. இதே ஆற்றின் நீர் ஒடுங்கிய கால்வாய் வழியாகப் போய்த்தான் குமண வில்லு என்கிற நீர்நிலை நிரம்புகிறது. நாங்கள் நடக்கிற காலத்தில் அங்கே நாரையும் கொக்கும் குஞ்சுகளோடு இருக்கும்.

பாலைப்பழம் பழுப்பதும் இந்தக் காலத்தில்தான். சின்னதாக, மஞ்சளாக, தேனாக இனிக்கும். நாலு பழம் தின்றால் பால் பட்டு உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கரடிக்கு இந்தப் பழமென்றால் உயிர். மரமேறிக் கொப்பை முறித்துத் தின்னும். திருக்கோவில் பக்கத்து ஆச்சி ஒருவர் எனக்குச் சொன்னது: "மகன், பாலைக்குக் கீழ போகக்குள்ள மேலயும் பாரு. கீழ கிடக்கிறது நமக்கு, மேல இருக்கிறது அவருக்கு." கரடிக்கும் மரியாதை!

நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்குமிடங்களின் பெயர்களே ஒரு வழிப்படம். இந்த வழி போகிற யாலக் காட்டை ஆங்கிலேயர் 1900இல் ஒதுக்கிவைத்தபோது, அவர்கள் மனதில் இருந்தது வேட்டை. 1908இல் அதற்கு முதல் காவலராக வந்த எங்கெல்பிரெக்ட், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு போயர் (டச்சு வம்சாவளித் தென்னாபிரிக்கர்) கைதி. பிரித்தானிய முடிக்கு விசுவாசம் சொல்ல மறுத்ததால் ஊர் திரும்பமுடியாமல் போனவர். முதலாம் உலகப்போரில், எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலுக்கு இறைச்சி கொடுத்தாரென்ற சந்தேகத்தில் அவரையே சிறையில் போட்டார்கள். யால தேசியப் பூங்காவானது 1938இல்.

ஆனால் ஆளில்லாக் காடாக இது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. யாலவில் சிதுல்பவ்வ, குமணவில் பம்பரகஸ்தலாவ என்று காட்டுக்குள்ளேயே பழைய பௌத்தக் குகைகள் இருக்கின்றன. தெற்கே உருகுணை என்ற பழைய சிங்கள அரசு இருந்த காலத்துக் குளங்கள் தூர்ந்துபோய்க் கிடக்கின்றன. யானை இறங்குகிற பல தண்ணீர்த் துறைகள் யாரோ கட்டிய அணைக்கட்டின் மிச்சம்தான். அதனால், பூங்காவுக்குள் யாத்திரிகர் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். வள்ளியை வேடுவர் குலத்துப் பெண்ணாகக் கும்பிடுகிற நமக்கு அவள் வீடு இந்தக் காடுதானே.

போர் நடந்த காலத்தில் இந்தப் பாதையும் அடைபட்டது. 1985 தொடக்கம் 2003 வரைக்கும் குமணப் பூங்கா மூடிக் கிடந்தது. அப்போது அதற்கு யால கிழக்கு என்று பெயர். குமண என்று மாற்றியது 2006இல்.

கட்டகாமம் கடந்தபிறகு வாகனச் சத்தம் கேட்கத் தொடங்கும். மாணிக்க கங்கையில் முழுகி, ஈர வேட்டியோடு சந்நிதிக்குப் போனால் அங்கே விக்கிரகம் கிடையாது; திரைச்சீலைதான். பூசகரான கப்புறாளை வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்கு அப்பால் போய்வருவார். பெரஹரா ஊர்வல இரவில் யானை மேல் போவதும் பேழைக்குள் மூடிய யந்திரத் தகடு. அந்தப் பேழை முருகன் கோயிலிலிருந்து வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்வரும். அதே வளவில் பள்ளிவாசலும் உண்டு, சிங்களவர் கும்பிடுகிற கிரி விகாரையும் கூப்பிடு தூரம்தான்.

இந்த வருசம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அன்னதானச் சோற்றைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகவேண்டாம். நாவலடிப் பற்றைகளில் தொங்குகிற பைகளைப் பார்த்தால் வயிறெரிகிறது. உப்பு வாசத்துக்கு மானும் மரையும் அதைத் தின்னும். ஒரு சில்வர்த் தட்டும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள். வெயிலேற முன் நடங்கள், பொழுதுபடுமுன் கூட்டத்தோடு தங்கிவிடுங்கள். தனியே முன்னால் போய் யானைக்கு வழி மறிக்காதீர்கள்.