மூன்று கொப்பி இருந்தது, அட்டை இல்லை

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் உகந்தையில் காட்டுப்பாதைக்குள் விடுவதற்கு முன் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பதிவார்கள். கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். அதனால்தான் அக்கரைப்பற்றில் ஒரு கடையில் நின்று அட்டையை மூன்று கொப்பி அடித்து, நனையாமல் பையில் வைத்துக்கொண்டேன். உகந்தையில் என் முறை வந்ததும் ஒன்றைப் பெருமையாக நீட்டினேன்.

"ஒரிஜினல்?"

பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். திருநீறு, வலிக்குப் பூசும் சித்தாலேப, பேரீச்சம்பழம், மிச்சம் இரண்டு கொப்பி. அட்டை அந்தக் கடை மெஷினின் மூடிக்குக் கீழே கண்ணாடியில் குப்புறப் படுத்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அதை அங்கே விட்டுவிட்டு மூன்று நாள் நடந்திருக்கிறேன்!

மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலில் தொடங்கி அதுவரை ஒரு குறையும் இல்லை. ஊருக்கு ஊர் மோர், கஞ்சி, சோறு. திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கால் தானாகப் போனது. புதுச் செருப்பு வாங்கியது மட்டும் பிழை. பழசையே போடுங்கள்.

மேசையில் இருந்தவர் கோபிக்கவில்லை. "அட்டை வரட்டும் சாமி, நாளைக்கும் பாதை திறந்துதான் இருக்கும்" என்றார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கூட வந்த நாலு பேரும் அரோகரா சொல்லிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். பெரியம்மா மட்டும் போகவில்லை. "அழுது என்ன மனே? சோத்தத் தின்னு. மறுகா பாப்பம்."

என் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வள்ளியம்மன் மலையில் பாதி ஏறி, கையைத் தூக்கிப் பிடித்து மச்சானை எடுத்தேன். அவன் கல்முனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் அக்கரைப்பற்றுக்கு ஓடினால், வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம், கடை பூட்டு. தொழுகை முடிந்து முதலாளி வந்து லாச்சியைத் திறந்தாராம். உள்ளே என்னுடையதோடு இன்னும் நாலு அட்டை! அதைக் கேட்டதும் எனக்குப் பாதி வெட்கம் போய்விட்டது. அங்கிருந்து உகந்தைக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். பாணமைக்கு வரும்போதே இருட்டிவிட்டது, அதற்கப்பால் யானைப் பாதை. அங்கேயே படுத்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு வந்து நின்றான். நான் கும்பிட்டதும் அவன் திட்டியதும் ஒரே நேரத்தில் நடந்தது.

மறுகா காடு. நடக்கும்போது முருகனைத்தான் நினைப்பேன் என்று நம்பியிருந்தேன். நினைத்தது என்னவென்றால், வீட்டில் காஸை மூடினேனா, போன வருடம் 2,000 ரூபாய் கடன் வாங்கியவன் ஏன் என்னைக் கண்டால் சந்துக்குள் திரும்புகிறான், அட்டையின் படத்தில் என் காது ஏன் இவ்வளவு பெரிது. அதுவும் தீர்ந்தபோது அடிகளை எண்ணினேன். முந்நூறுக்கு மேல் ஒருமுறையும் போகவில்லை. முன்னால் போனவரின் இடது குதிக்காலில் ஒரு வெடிப்பு இருந்தது. நடுவில் ஒரு ஆறும் இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்களுமாக, மண் நிரம்பி. இரண்டு நாள் நான் பார்த்த காட்சி அதுதான். யானை, மயில் எல்லாம் மற்றவர்கள் பார்த்தார்கள்.

கும்புக்கன் ஆற்றில் இறங்கி உட்கார்ந்ததும் மீன்கள் கொப்புளத்தைக் கொத்தின. எழும்ப மனமில்லை. ஆற்றைத் தாண்டினால் குமண வனம் முடிந்து யால வனம். நாவலடிக்கும் வியாழைக்கும் இடையில்தான் எனக்கு உயிர் போனது. இரண்டு லீட்டர் தண்ணீரோடு போனேன், பாதி வழியில் போத்தல் காலி. தென் துருவத்துக்குப் பனிச்சறுக்கில் போகிறவர்கள் குடிப்பதற்குப் பனியை அடுப்பில் உருக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்து அவர்களுக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறேன். அவர்களுக்கு உருக்கவாவது ஒன்று இருக்கிறது. பெரியம்மா தேசிக்காயும் உப்பும் கலந்த போத்தலை ஒரு மூடி, ஒரு மூடியாக ஊற்றித் தந்தார். ஒரேயடியாகக் கேட்டால் முறைத்தார். ஆளுக்கு நாலு லீட்டராவது தூக்குங்கள், தோள் வலித்தாலும் பரவாயில்லை. காட்டுக்குள் தனியாகப் பிந்தாதீர்கள். பொலித்தீன் கொண்டுபோக வேண்டாம்.

கட்டகாமம் தாண்டி மாணிக்க கங்கையில் முழுகப் போனபோதும் முதலில் இடுப்பு மடிப்பைத் தடவி அட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். மச்சானுக்குப் பெட்ரோல் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. திருநீறு மட்டும் கொண்டுவரச் சொன்னான். கடதாசி தேடியபோது பெரியம்மா என் பையிலிருந்து கொப்பி ஒன்றை எடுத்து, முகம் உள்பக்கமாக வர, அதில் திருநீற்றை மடித்துத் தந்தார்.