ஏற்காட்டில் சிவந்த ஏழு பழங்கள்: என் ராஸ்பெர்ரிக் கணக்கு

2025 ஜனவரி 27-ஆம் தேதி காலையில் ஏழு ராஸ்பெர்ரி பறித்தேன். ஏழே ஏழுதான். ஆனால் 2022 ஜூலையில் முதல் செடி வைத்ததிலிருந்து, நன்றாகச் சிவந்து, தொட்டதும் தானாகக் கழன்று கையில் வந்த பழங்கள் அவைதான். நடுவில் என்னென்ன ஆயிற்று என்று எழுதி வைத்தால் மலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

எங்கள் வீடு காபித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. பின்பக்கம் நாலு சென்ட் காலி இடம். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம். ஆரஞ்சும் பேரிக்காயும் காய்க்கிற ஊர். பேரிக்காய் வருகிற மண்ணில் ராஸ்பெர்ரி வராமலா போகும் என்ற தைரியத்தில் ஒரு நர்சரியிலிருந்து 12 சிவப்பு ராஸ்பெர்ரிக் கன்று வரவழைத்தேன். ரகத்தின் பெயர் எதுவும் எழுதி வரவில்லை. அதைக் கேட்காமல் விட்டதற்கு இரண்டு வருடம் போயிற்று.

காபிக்குக் குழி எடுப்பதுபோலவே எடுத்து, தொழுஉரம் போட்டு நட்டேன். அக்டோபர் மழையில் நாலு செடி வாடியது. தண்ணீர் இருந்தும் இலை ஏன் தொங்குகிறது என்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் எல்லாம் காப்பி நிறத்துக்கு மாறி, விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது. உள்ளே நூல் மாதிரி நடுநரம்பு மட்டும். ராஸ்பெர்ரி வேர் ஆழம் போகாது, நீர் தேங்கினால் தாங்காது. குழியில் நட்டது நான் செய்த தப்பு. மிச்சம் எட்டையும் ஒரு அடி உயர மேட்டுப்பாத்திக்கு மாற்றினேன். சில்வர் ஓக் சருகை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டேன். அதற்கப்புறம் ஒரு செடியும் சாகவில்லை.

2023 முழுக்கச் செடிகள் அருமையாக வளர்ந்தன. தோள் உயரத்துக்குத் தண்டு, கீழ்ப்பக்கம் வெள்ளையாக இலை. கம்பு நட்டு, இரண்டு வரிசைக் கம்பி இழுத்து, வாழை நாரால் கட்டிவிட்டேன். 2024 பிப்ரவரியில் பூக்கும் என்று காத்திருந்தேன். நுனியில் மட்டும் நாலைந்து மொட்டு விரிந்தது. அதிலும் இலைதான். கீழே இருந்த கணுக்கள் எல்லாம் அப்படியே தூங்கின.

சாதாரண ராஸ்பெர்ரித் தண்டின் ஆயுள் இரண்டு வருடம். முதல் வருடம் இலை மட்டும் விடும். அடுத்த வருடம் பூத்து, காய்த்து, காய்ந்து போகும். அந்த இரண்டுக்கும் நடுவில் மொட்டு விழிப்பதற்குக் குளிர் வேண்டும். அதைப் பெரும்பாலும் 7 டிகிரிக்குக் கீழே போன மணி நேரங்களாகக் கணக்குப் போடுகிறார்கள். சிவப்பு ரகங்கள் பலவற்றுக்கு அது 800 மணி நேரத்துக்கு மேல். அந்த டிசம்பரிலும் ஜனவரியிலும் திண்ணையில் வெப்பமானி மாட்டி தினமும் காலையில் குறித்திருந்தேன். இருந்ததிலேயே குறைந்தது 11 டிகிரி. என் கணக்கில் குளிர் மணி நேரம் பூஜ்யம். நாம் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டு நடுங்குகிற குளிர், இந்தச் செடிக்குக் குளிரே இல்லை. நம் மலையில் காய்க்கிற பேரி, குறைந்த குளிரே போதும் என்கிற வகை. அதை வைத்து நான் முடிவுக்கு வந்திருக்கக் கூடாது.

இன்னொரு ஜாதி இருக்கிறது. அந்த வருடம் மண்ணிலிருந்து கிளம்பிய தண்டிலேயே, குளிருக்குக் காத்திராமல், நுனியில் பூத்துக் காய்ப்பது. இதில் பெயர் பெற்றது ஹெரிடேஜ் என்ற ரகம். நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஆராய்ச்சி நிலையம் 1969-ல் வெளியிட்டது. இதற்குக் கவாத்தும் எளிது. பழைய தண்டு எது, புதுத் தண்டு எது என்று பார்க்க வேண்டாம், எல்லாவற்றையும் தரையோடு வெட்டிவிடலாம். இந்த முறை பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, 2024 பிப்ரவரிக் கடைசியில் ஆறு கன்று வைத்தேன்.

ஜூன் கடைசியில் பூத்தது! வெள்ளையாகச் சின்னப் பூ, தேனீ விடாமல் மொய்த்தது. ஆனால் பழம் திரளும்போது மழை பிடித்துக்கொண்டது. சிவக்கத் தொடங்கியதெல்லாம் ஒரே ராத்திரியில் சாம்பல் நிறப் பூஞ்சை போர்த்துக்கொண்டு நின்றது. ஒன்றைக்கூட வாயில் வைக்க முடியவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் நான் சேலம் போயிருந்த நாளில், களை வெட்ட வந்த அண்ணன் ஆறு செடியையும் புல்லோடு சேர்த்து வெட்டிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் மண்ணுக்கு மேலே விரல் நீளத்துக்குக் கட்டைதான் நின்றது. "முள்ளுச் செடின்னு நெனச்சுட்டனுங்க" என்று அவர் வருத்தப்பட்டார். வேலி ஓரம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிற இடத்தில் அப்படி நினைப்பது இயல்புதான். எனக்கு அன்றைக்கு மனசே ஆறவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் கட்டையைச் சுற்றிப் புதுத்தண்டு கிளம்பியது. செடிக்கு நாலைந்து. வலுவான மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தேன். காபிப் பழத்தோல் மக்கிய உரம் ஒரு கூடை போட்டேன். டிசம்பர் நடுவில் மொட்டு, ஜனவரி கடைசியில் பழம். மழை ஓய்ந்து, பகலில் இதமான வெயில், ராத்திரி நல்ல குளிர். பூஞ்சை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிப்ரவரி முடிவதற்குள் ஆறு செடியிலும் சேர்த்து 640 கிராம். பெரிய மகசூல் இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் பழம்.

பறிப்பதற்குப் பக்குவம் இருக்கிறது. சிவந்துவிட்டது என்று இழுக்கக் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து லேசாக அசைத்தாலே, வெள்ளைக் காம்புக்கூம்பு செடியில் நின்றுவிட, பழம் மட்டும் குல்லா மாதிரி உள்ளே வெற்றாகக் கழன்று வரும். வரவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று அர்த்தம். எங்கள் பேத்தி பத்து விரலிலும் பழத்தை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றாள். மேற்குப் பார்த்த பழங்களில், பழமாகச் சேர்ந்திருக்கும் சின்னச் சின்ன முத்துகளில் சில மட்டும் நிறமில்லாமல் வெளுத்திருந்தன. அது நோய் இல்லை, வெயில் சுட்டது. அந்தப் பக்கம் நிழல்வலை கட்டியதும் நின்றுவிட்டது. கொண்டைக்குருவிக்குத் தனியாக வலை வேண்டியிருந்தது.

அதே அண்ணன் ஜனவரியில் பழத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை பாடு? ஓடைக்கரையில கறுப்பா கெடக்குதுங்களே" என்று கூட்டிப்போய்க் காட்டினார். சாம்பல் பூசினதுபோல் வெளுத்த தண்டு, கொக்கி முள். மார்ச்சில் மறுபடி போனபோது மேலே பஞ்சு படர்ந்த கருநாவல் நிறப் பழம். வெளிநாட்டில் மைசூர் ராஸ்பெர்ரி என்று சொல்லி வளர்க்கிறார்களே, அதுதான். குளிர் மணி நேரமெல்லாம் கேட்பதில்லை. புளிப்புக் குறைவு, விதை அதிகம், ஜாமுக்குப் பிரமாதம். கொடி வளைந்து நுனி மண்ணைத் தொட்ட இடத்திலேயே வேர் விடும். அப்படி வேர்விட்ட இரண்டு நுனியை வெட்டி வந்து வேலி ஓரம் வைத்தேன். கட்டுக்குள் வைக்கிறவர்கள் மட்டும் இதை வையுங்கள். கலாபகோஸ் தீவுகளில் இதே செடி காட்டையே மூடி, அங்குள்ள மரஞ்செடிகளை அமுக்கிக்கொண்டிருக்கிறது. நான் மாதம் ஒருமுறை நுனியைக் கிள்ளிவிடுகிறேன்.

பெயர் தெரியாத எட்டுச் செடியையும் எடுத்துவிட்டு அந்தப் பாத்தியிலும் ஹெரிடேஜ் பக்கக்கன்றுகளை வைத்தாயிற்று. வருகிற ஆகஸ்ட் முதல் வாரம் பழைய ஆறையும் நானே தரையோடு வெட்டப்போகிறேன். புதுப் பாத்தியை மூன்று வாரம் கழித்து வெட்டினால் அறுவடை மார்ச் வரை நீளுகிறதா என்று பார்க்க வேண்டும்.