மையவாடியில் யாருக்கு இடம்

ராமேஸ்வரம் வருகிற சொந்தக்காரர்கள் பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. வடநாட்டு யாத்திரை பஸ்ஸும் அங்கே நிற்கும், கீழக்கரையிலிருந்து வேன் பிடித்து வருகிற கல்யாண வீட்டுக் கூட்டமும் அங்கே நிற்கும். அது ஒரு கப்ரு, ஒருவரை அடக்கம் செய்த குழி என்பது பாதிப் பேருக்கு ஞாபகமே இருப்பதில்லை, செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். 2015 ஜூலை 30இல் அடக்கம் செய்தார்கள். 2017இல் மண்டபம் திறந்தபோது உள்ளே வீணை வாசிக்கிற கலாம் சிலை, பக்கத்தில் பகவத் கீதை. உடனே சண்டை. குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் கொண்டுபோய் வைத்தார்கள். அனுமதி வாங்காமல் வைத்துவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு புகார். எங்கள் ஆட்களிலும் சிலர், அடக்கம் செய்த இடத்தில் சிலை வைக்கலாமா என்பதில் ஆரம்பித்து, வீணை வாசித்த மனுஷர் முஸ்லிம்தானா என்கிற அளவுக்குப் போனார்கள். முதல் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்க இவர்கள் யார்?

எனக்கு அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் இன்னொரு விஞ்ஞானியின் கப்ரு ஞாபகம் வரும். பாகிஸ்தானில் ரப்வா என்ற ஊரில் இருக்கிறது, அப்துஸ் ஸலாம் உடையது. 1979இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர், அஹ்மதியா, அதாவது மிர்சா குலாம் அஹ்மதைப் பின்பற்றுகிற பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய கப்ரின் தலைமாட்டில் நட்ட மீஸான் கல்லில் 'முதல் முஸ்லிம் நோபல் விருதாளர்' என்று எழுதியிருந்தார்கள் (அன்வர் சதாத் 1978லேயே சமாதானத்துக்கு வாங்கிவிட்டார், அது வேறு விஷயம்). அதிகாரிகள் 'முஸ்லிம்' என்பதை மட்டும் அழித்துவிட்டார்கள். இப்போது அந்தக் கல்லைப் படித்தால் உலகத்திலேயே முதன்முதலாக நோபல் வாங்கியவர் அவர்தான்.

இது ஒரே நாளில் வந்ததில்லை. 1953இல் பஞ்சாபில் அஹ்மதியாக்களுக்கு எதிராகப் பெரிய கலவரம், லாகூரில் ராணுவச் சட்டம் போடுகிற அளவுக்கு. அதை விசாரித்த நீதிபதிகள் முனீரும் கயானியும் மார்க்க அறிஞர்களான ஆலிம்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முஸ்லிம் என்றால் யார், சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எந்த இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் சொன்ன இலக்கணத்தை எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் கணக்கில் காஃபிர் ஆகவேண்டியதுதான் என்று 1954 அறிக்கையில் எழுதியே வைத்தார்கள். ஆலிம்களால் முடியாததை 1974 செப்டம்பரில் பிரதமர் பூட்டோ காலத்துப் பாராளுமன்றம் முடித்துக் கொடுத்தது: அஹ்மதியாக்கள் முஸ்லிம்கள் இல்லை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஸலாம் வெறுத்துப்போய் அரசின் அறிவியல் ஆலோசகர் பொறுப்பை உதறினார். பத்து வருஷம் கழித்து ராணுவ ஆட்சியாளர் ஜியா, அஹ்மதியாக்கள் தங்களை முஸ்லிம் என்று சொன்னாலோ பாங்கு சொன்னாலோ மூன்று வருஷம் வரை ஜெயில் என்று சட்டம் போட்டார். பூட்டோ ஒன்றும் பெரிய மார்க்கப் பற்றாளர் இல்லை, அவருக்கு அது அன்றைக்கு ஒரு அரசியல் கணக்கு.

கதவைத் திறந்துவிட்டால் ஒருத்தரோடு நிற்குமா? ஷியாக்களையும் இதேபோல் அறிவிக்கவேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 2010இல் லாகூரில் அஹ்மதியாக்களின் இரண்டு பள்ளிவாசல்களில் ஜும்ஆ நேரத்தில் புகுந்து சுட்டார்கள், எண்பது பேருக்கு மேல் போனார்கள். அதே ஊரில் அடுத்த சில வாரத்தில் தாதா தர்பார் தர்காவில் குண்டு வெடித்தது, 2017இல் சேவான் தர்காவில். அங்கே செத்தவர்கள் யாரும் அஹ்மதியா என்பதற்காகச் சாகவில்லை, நம்ம ஏர்வாடி தர்காவுக்குப் போகிற மாதிரி நேர்ச்சைக்குப் போன ஜனங்கள்.

பாகிஸ்தான் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சரி, கடலுக்கு அந்தப் பக்கம் பார்ப்போம். 2019 ஈஸ்டர் அன்று இலங்கையில் 250 பேருக்கு மேல் சாகக் காரணமான சஹ்ரான், காத்தான்குடிக்காரர், தமிழில் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு பண்ணியவர். அவர் தலைமறைவானது தேவாலயம் தொடர்பான சண்டையில் இல்லை. 2017இல் சொந்த ஊரில் சூஃபி வழிக்காரர்களோடு நடந்த அடிதடியில்தான். காஃபிர் பட்டம் முதலில் பக்கத்துத் தெருவுக்குத்தான் கிடைத்தது. அவருடைய தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தோடு பெயர் ஒத்துப்போன மற்ற அமைப்புகள் எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள்.

நம்ம கரையில் தர்கா சண்டை அந்த அளவுக்குப் போனதில்லை, அல்ஹம்துலில்லாஹ். உம்மா சந்தனக்கூட்டுக்கு ஏர்வாடி போவார், காக்கா (என் அண்ணன்) அது ஷிர்க், இறைவனுக்கு இணைவைப்பது என்பார், இருவரும் ஒரே சஹன் தட்டில் சாப்பிடுவார்கள். காக்கா பேச்சில் விஷயம் இல்லாமலும் இல்லை. 2001இல் ஏர்வாடியில் மனநோய்க் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். நடத்தியது தனியார்தான், ஆனால் தர்காவை நம்பி வந்த நோயாளிகளை வைத்து நடந்த வியாபாரம் அது. அதைக் கேள்வி கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் யார் நம்மவர் என்று முடிவு செய்ய எங்களிடமும் ஒரு சின்ன முத்திரை இருக்கிறது. ஊர் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் (கல்யாணப் பதிவேடு), அப்புறம் மையவாடி எனும் அடக்கஸ்தலத்தின் சாவி. ஊர் பெயர் வேண்டாம், என் சொந்தக்காரர் வீட்டில் பார்த்தேன். மையத்தை, அதாவது இறந்தவர் உடலைக் குளிப்பாட்டி, கஃபன் துணியிட்டு, சந்தூக்குப் பெட்டியில் வைத்தாயிற்று. மகன் தர்கா வழக்கங்களை ஏற்காத தவ்ஹீது இயக்கம், அடக்கியபின் கப்ரு அருகே ஓதுகிற தல்கீனை ஓதக்கூடாது என்கிறான். ஓதாவிட்டால் எங்கள் மையவாடியில் இடமில்லை என்கிறது ஜமாஅத். சாயங்கால அஸர் போய், பொழுது சாய்ந்து மஃரிபும் ஆகிவிட்டது. உள்ளே பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு வாசலில் நடக்கிற பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வந்தவர் இன்ஸ்பெக்டர், நெற்றியில் திருநீறு. "பாய், மொதல்ல அடக்கத்த முடிங்க, மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அங்கிருந்த ஆலிம்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. இரவு இஷா தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். தல்கீனை ஒருவர் தூரத்தில் நின்று மெதுவாக ஓதினார், மகன் காதில் விழாத மாதிரி நின்றான்.

அடுத்த பொதுக்குழுவில் ஒன்று கேட்கப்போகிறேன். கலிமா சொன்னவர் யாராக இருந்தாலும், சந்தா பாக்கி இருந்தாலும், எந்த இயக்கமாக இருந்தாலும், மையவாடியில் இடம் மறுக்கக்கூடாது என்று பைலாவில் எழுதவேண்டும். அஹ்மதியா வந்தால் என்ன செய்வாய் என்று எழுந்து கேட்பார்கள், தெரியும். அவரையும் அடக்குவோம் என்றுதான் சொல்லப்போகிறேன். காக்கா அன்றைக்கு என் பக்கத்தில் உட்காரமாட்டார். ஏற்கெனவே இப்படி எழுதி வைத்திருக்கிற ஜமாஅத் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எங்காவது இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், கையில் வைத்துக்கொண்டு பேசினால் கொஞ்சம் எடுபடும்.