தோற்றால் என்ற நிரல்

2018 பொதுநலவாய விளையாட்டு விழாவைக் கேட்டு இலங்கையின் தெற்குக் கரையிலுள்ள அம்பாந்தோட்டை தோற்றது 2011 நவம்பர் 11 அன்று. சென் கிட்ஸ் தீவில் நடந்த வாக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டுக்கு 43, நமக்கு 27. அதற்குச் சில மாதங்கள் முன்னர் எங்கள் அலுவலகத்தில் என் மேலதிகாரி, நான் 'சேர்' என்று அழைப்பவர், என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பக் குழுவுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. தெற்குக் கரையில் ஹோட்டல் கட்டலாமா என்று யோசித்த ஒரு முதலீட்டாளருக்காகச் சாத்தியவள அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தோம். அட்டவணைகள் என் பொறுப்பு. 'வென்றால்', 'தோற்றால்' என்று இரண்டு நிரல்கள் போட்டிருந்தேன். முதலாவதை நிரப்புவது சுலபம். இரண்டாவதில்தான் சிக்கல். விமான நிலையமும் துறைமுகமும் அதிவேகப் பாதையும் விழாவுக்காக வருகின்றனவா, எப்படியும் வரப்போகின்றனவா? துறைமுகத்தின் முதற்கட்டம் 2010 நவம்பரிலேயே திறந்தாயிற்று. அதே மாவட்டத்தின் சூரியவெவ கிரிக்கெட் மைதானத்தில் 2011 பெப்ரவரியில் உலகக் கிண்ண ஆட்டமே நடந்துவிட்டது. மத்தலவில் விமான நிலைய வேலை நடந்துகொண்டிருந்தது. எப்படியும் வருபவற்றின் செலவை விழாவின் தலையில் கட்டக்கூடாது என்பது சேரின் கட்சி.

சரி என்றேன். அப்படியானால் பயன்களின் பக்கத்திலும் அவற்றைச் சேர்க்கக்கூடாது என்றும் சொன்னேன். இதில் நான் சொன்னது சரியென்று இப்போதும் நம்புகிறேன். விழாக் கேட்கும் நகரங்கள் எல்லாவற்றிலும் கணக்கு இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. டெல்லி 2010 விழாவுக்கு நகர வேலைகளையும் சேர்த்து 18,532 கோடி ரூபாய் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சொன்னது. வீதிகளும் மேம்பாலங்களும் நகரத்துக்காகக் கட்டியவை, விழாச் செலவில் சேராது என்பார்கள் ஆதரவாளர்கள். விழாவால் டெல்லிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் அதே வீதிகளைக் காட்டுவார்கள். ஒரே வீதி செலவில் இல்லாமல் வரவில் மட்டும் எப்படி இருக்க முடியும்?

ஆகவே தோற்றால் என்ற நிரலின் குறிப்பில் இப்படி எழுதினேன்: 'விமான நிலையம் இருக்கும், அதில் வந்து இறங்கக் காரணம் இருக்காது.'

சேர் அம்பாந்தோட்டை மாவட்டத்துத் திஸ்ஸமகாராமையைச் சேர்ந்தவர். அந்த வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் இல்லை. "மல்லி (தம்பி), இதே விழாவை யாழ்ப்பாணத்துக்குக் கேட்டிருந்தால் இந்த வரியை எழுதியிருப்பாயா?"

"யாழ்ப்பாணத்துக்கு யார் சேர் கேட்கப்போகிறார்கள்?"

"நான் கேட்டதற்கு அது பதில் இல்லையே."

இல்லைதான். போர் முடிந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை. துரையப்பா விளையாட்டரங்கு பாழடைந்து கிடந்தது. அங்கே என் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓடிப் பழக ஒரு தடம் இல்லாதபோது ஒரு சிறு பட்டினத்தில் நீச்சல் தடாகமும் விளையாட்டுக் கிராமமும் எதற்கு என்ற ஆத்திரம் எனக்குள் இருந்தது. என் அட்டவணை அந்த ஆத்திரத்திலிருந்து பிறந்ததா? எண்களை அன்றிரவே மறுபடியும் சரிபார்த்தேன். பிழை இல்லை. ஆனால் அவர் எண்களைப் பற்றிக் கேட்கவில்லை.

அவர் பக்கம் நின்றும் யோசித்திருக்கிறேன். 2004 கடல்கோளில் அவருடைய மாவட்டம் பட்டது கொஞ்சமா? பெரிய நோய் என்றால் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும். ஜனாதிபதியே தங்கள் மாவட்டத்தவராக இருக்கும் காலத்தில் கேட்காமல் வேறெப்போது கேட்பது? "ஒரு தடவைதான் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கும்போதே எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டும்" என்றார். விழாக் கேட்பதன் உண்மையான பயன் இதுதானோ என்னவோ. ஒரு திகதி குறிக்கப்பட்டால் பத்து வருடம் தூங்கும் கோப்பு எழுந்து நடக்கிறது.

பிறகு நடந்தவை என் நிரலுக்குச் சாதகமாகவே நடந்தன. மத்தல விமான நிலையம் 2013 மார்ச்சில் திறந்தது. 2015 ஜனவரியில் ஸ்ரீலங்கன் விமானங்கள் நின்றன. அதே வருடம் அங்கே நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. 2017இல் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குப் போயிற்று. 2022இல் நாடே கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. வென்றிருந்தால் விளையாட்டுக் கிராமத்தின் கடனும் அதில் சேர்ந்திருக்கும். தோற்றதுதான் நமக்கு லாபம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

2020 பெப்ரவரியில் அதிவேகப் பாதை மத்தல வரை நீண்டபோது, ஓய்வு பெற்றிருந்த சேர் தொலைபேசியில் அழைத்தார். மனைவியைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டாராம். விழா இல்லாமலே வீதி வந்துவிட்டதே சேர் என்றேன். விழாவைக் கேட்டிராவிட்டால் வந்திருக்காது என்றார். இதை எந்த நிரலில் போடுவது? அவர் சொல்வதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

எனக்குத் தெரிந்தவரை லாபம் பார்த்த நகரங்கள் ஏற்கெனவே எல்லாம் வைத்திருந்தவை. 1984 ஒலிம்பிக்குக்கு வேறு நகரம் போட்டிக்கு நிற்காததால் லாஸ் ஏஞ்சலிஸால் பேரம் பேச முடிந்தது. இருந்த மைதானங்களையே பெரும்பாலும் பயன்படுத்தி 20 கோடி டொலருக்கு மேல் மிச்சம் பிடித்தது. அப்படியென்றால் இல்லாத ஊர் கேட்கவே கூடாதா? கூடாது என்று கணக்கு சொல்கிறது. அதை அம்பாந்தோட்டைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். படங்களைப் பார்த்ததும் என் நெஞ்சு நிறைந்துவிட்டது. கணக்கு பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. தாழ்நிலம், வெள்ளம், கண்டல் காடு என்று சூழலியலாளர்கள் எழுப்பிய கேள்விகளையும் வாசித்தேன். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனாலும் கேட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு காலம் எங்கே போயிருந்தீர்கள், எங்களுக்கு ஒன்று வரும்போதுதானா கேட்பீர்கள் என்ற கோபம். சூரியவெவவைப் பற்றி நான் முதலில் கேட்டிருக்கக்கூடியது ஆட்டம் இல்லாத நாட்களில் அதை யார் பராமரிப்பார்கள் என்பதுதான். மண்டைதீவைப் பற்றி அதை இதுவரை யாரிடமும் நான் கேட்கவில்லை.